தொலைபேசிக்கு ஒரு சிரட்டை

அந்த மலையடி ஆசிரமத்தில் இருந்தது ஒரே தொலைபேசி. பக்கத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியில் எப்போதும் மாசிலாமணி.

தொலைபேசி இலாகாவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரமத்தின் தலைவியான, தன்னைவிட வயதில் இளைய அம்மையிடம் சீடராக வந்தார். வேலையை விட்டாரே தவிர அதிகாரத்தை விடவில்லை. யார் முதலில் பேசுவது, எவ்வளவு நேரம் பேசுவது, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம்.

கத்தினால்தான் மறுமுனைக்குக் கேட்கும். அதனால் எல்லார் வீட்டுக் கதையும் வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும். அது தெரிந்த மாசிலாமணி மட்டும் யாரையும் கூப்பிட்டதில்லை. மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவளோடு பேச்சே இல்லை.

ஒருநாள், சமையல் பார்க்கும் காத்தமுத்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் துளை போட்டு, ரிசீவரில் பேசும் பக்கம் மாட்டினான். அதற்குள் வாயை வைத்து மெல்லப் பேசினாலே போதும். மறுமுனைக்குக் கேட்டது, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கவில்லை.

அதன் பிறகு பேசி முடித்தவர்கள் சமையற்கட்டுப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். மாசிலாமணிக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் கிடையாது. காத்தமுத்து வைத்த ரசம்கூட அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அம்மையிடம் போனார்.

“அந்தச் சிரட்டைக்குத் தடை போடணும்மா.”

“ஏன்?”

“இலாகா குடுத்த கருவியில வேற எதையும் ஒட்டக்கூடாது. லைன் கெட்டுப்போகும்.”

“கெட்டுப்போச்சா?”

“இன்னும் இல்ல.”

“நல்லாக் கேக்குதாமே?”

“கேக்குது. அதுக்காக? அடுப்பு ஊதுறவனுக்குத் தொலைபேசியப் பத்தி என்னம்மா தெரியும்? அவனப் போயி எல்லாரும் கும்பிடுறாங்க.”

அம்மை எழுந்து வந்தார். வரிசையில் நின்றவர்கள் பார்க்க, சிரட்டையைத் தானே கழற்றினார்.

“தடை போட்டாச்சு. முதல் பேச்சு உங்களோடது. மகளைக் கூப்பிடுங்க.”

மாசிலாமணிக்கு மறுக்க வழியில்லை. எண்ணைச் சுழற்றினார்.

“யாரு?” என்றாள் மகள்.

“நான்தான்.”

“அப்பாவா?” என்றாள்.

அவள் கல்யாணத்துக்குத் தான் வராதது தப்பு என்று அவர் சொல்ல வேண்டும். பின்னால் வரிசை முழுக்க வேறெங்கோ பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது. கரண்டியோடு காத்தமுத்துவும் நின்றான்.

மாசிலாமணி உள்ளங்கையைக் குவித்தார். வாயையும் ரிசீவரையும் சேர்த்து மூடிக்கொண்டு மெல்லப் பேசினார். நெடுநேரம் பேசினார்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார். அம்மை சிரட்டையோடு அங்கேயே நின்றிருந்தார்.

“இப்ப ஒட்டி வச்சிருந்தீங்களே, அந்தக் கை,” என்றார். “அதுவும் இலாகா குடுத்ததா?”