எமிமாள் கணக்குத் திறந்த கதை

"டீச்சர், இந்த ஆறுல எது நல்ல கம்பெனி?"

எமிமாள் நோட்டை நீட்டினாள்.

ரஹ்மத் நிஷா வாங்கிப் பார்த்தாள். ஆறு பங்குத் தரகு நிறுவனங்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தரகு எவ்வளவு, வருடக் கட்டணம் எவ்வளவு, செயலிக்கு எத்தனை நட்சத்திரம் என்று எழுதியிருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள்.

"அழகா எழுதியிருக்கீங்கம்மா."

"ஒரு மாசமா எழுதுதேன்."

"இவ்வளவு எழுதியும் தெரியலையா, எதுன்னு?"

"தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் கேக்கேன்?"

எமிமாளுக்கு அறுபத்தோரு வயது. பாளையங்கோட்டை அரசு மருத்துவமனை லேபில் முப்பத்தோரு வருடம் ரத்தம் எடுத்தவள். அவள் கணவர் ஆசீர் மாசி மாதம் இறந்துபோனார்.

ஆசீர் இருபத்தைந்து வருடமாகப் பங்கு வாங்கி வைத்திருந்தார். தரகு ஆபீஸிலிருந்து வாரம் ஒருமுறை போன் வரும். "சரி" என்பார். இல்லாவிட்டால் "வேண்டாம்" என்பார். எமிமாள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அந்த ஆபீஸ் திருநெல்வேலிக் கிளையை மூடிவிட்டது. பங்குகள் அவள் பெயருக்கு வரவேண்டுமானால் அவள் பெயரில் ஒரு டீமேட் கணக்கு வேண்டும். எந்த நிறுவனத்தில் என்று அவள்தான் முடிவு செய்யவேண்டும்.

கொழுந்தன் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். "கையெழுத்து மட்டும் போடுங்க மதினி. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

"நானே பாத்துக்கிடுதேன்" என்று எமிமாள் சொல்லிவிட்டாள். எப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து பயமாக இருந்தது.

ரஹ்மத் நிஷாவுக்கு முப்பத்து நாலு. மேலப்பாளையத்துக்காரி. சென்னையில் ஒரு தரகு நிறுவனத்தில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். சனிக்கிழமை மதியம், ஒரு தையல் பள்ளியின் மாடியில், பெண்களுக்குப் பங்குச் சந்தை சொல்லித் தந்தாள். பதினோரு பேர் வந்தார்கள். எல்லோருமே அவளைவிட மூத்தவர்கள். எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவள் நோட்டை மூடி எமிமாளிடமே கொடுத்தாள்.

"ஆறு பேருக்கும் போன் போடுங்கம்மா. ஒரே ஒரு கேள்வி கேளுங்க."

"என்னன்னு?"

"நான் இறந்துபோனா இந்தப் பங்கெல்லாம் என் மகளுக்கு எப்படிப் போகும்னு."

எமிமாள் நோட்டைக் கைப்பைக்குள் வைத்தாள்.

ஆசீர் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். நாமினி என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். அந்த ஒரு கட்டத்துக்காக வாரிசுச் சான்றிதழ் கேட்டு எமிமாள் ஐந்து மாதம் தாலுகா ஆபீஸ் படி ஏறியிருந்தாள்.

"இப்பத்தானே டீச்சர் அதைத் தாண்டி வந்திருக்கேன். மறுபடியும் அதையா பேசச் சொல்லுதீங்க?"

"தாண்டி வந்தவங்களுக்குத்தாம்மா எது பதில், எது சமாளிப்புன்னு தெரியும்."

*

அடுத்த சனிக்கிழமை எமிமாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தாள்.

"நாலு இடத்துல மெஷின்தான் பேசிச்சு. கணக்குத் திறக்க ஒண்ணை அமுக்கு, பணம் போட ரெண்டை அமுக்கு. செத்துப்போனா எதை அமுக்கணும்னு கடைசி வரைக்கும் சொல்லலை."

ரஹ்மத் நிஷா சிரித்துவிட்டாள். எமிமாளுக்கும் சிரிப்பு வந்தது. எட்டு மாதத்தில் அந்தப் பேச்சை எடுத்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"மீதி ரெண்டு?"

"ஒண்ணுல ஒரு பொம்பளப் பிள்ளை எடுத்துச்சு. நாமினி போட்டிருந்தா இன்ன தாள் வேணும், போடலைன்னா இன்ன தாள் வேணும், இத்தனை நாள் ஆகும். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரிச் சொல்லிச்சு. வேற ஏதாவது கேக்கணுமான்னுச்சு. வச்சிட்டுது."

"இன்னொண்ணு?"

எமிமாளின் முகம் மலர்ந்தது.

"கவின்னு ஒரு தம்பி. அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா, நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்னான். எங்க வீட்டுக்காரங்க தவறினதைச் சொன்னேன். அவங்க அப்பாவும் போன வருஷந்தான் தவறிப்போனாராம். அரை மணி நேரம் பேசினோம்."

"கேள்விக்கு என்ன சொன்னான்?"

எமிமாள் யோசித்துப் பார்த்தாள்.

"பேச்சு வேற பக்கம் போயிட்டு, டீச்சர்."

"பிறகு?"

"தினமும் மத்தியானம் கூப்பிடுதான். சாப்பிட்டீங்களாம்மா, மாத்திரை போட்டீங்களாம்மான்னு கேக்கான். பெங்களூர்ல இருக்கிற என் மகளுக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்? நான் கணக்கைத் திறந்து பாஸ்வேர்டை மட்டும் சொல்லிட்டா, வாங்குறது விக்கிறது எல்லாம் அவனே பாத்துக்கிடுவானாம். நான் கவலைப்படாம இருக்கலாமாம்."

"முடிவு பண்ணிட்டீங்களா?"

"திங்கக்கிழமை தாளை எடுத்துட்டு வாறான்."

பின்வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் திட்டப்போகிறாள் என்று நினைத்தார்கள். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது அந்த வகுப்பின் முதல் பாடம்.

ரஹ்மத் நிஷா திட்டவில்லை. எமிமாளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சரிம்மா. திங்கக்கிழமைக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்டயும் இன்னும் ஒரு கேள்வி மட்டும் கேட்டுருங்க."

"கேக்கேன்."

"கணக்கை மூடணும்னா என்ன செய்யணும்னு கேளுங்க."

"இன்னும் திறக்கவே இல்லையே, டீச்சர்!"

"அதான் இப்பவே கேக்கச் சொல்லுதேன்."

*

மூன்றாவது சனிக்கிழமை, வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே எமிமாள் வந்துவிட்டாள். ரஹ்மத் நிஷா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எமிமாள் உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

"கேட்டேன், டீச்சர்."

"ம்."

"ஏம்மா மூடணும்னான். யாராவது ஏதாவது சொன்னாங்களா, நான் இருக்கும்போது உங்களுக்கு என்னம்மா பயம்னான். சும்மா தெரிஞ்சுக்கத்தான் தம்பி கேக்கேன்னேன். பேச்சை மாத்தினான். விடாம மூணாவது தடவையும் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"'அதைப் பிறகு பேசலாம், மேடம்'னான்."

எமிமாள் திரும்பிப் பார்த்தாள்.

"மேடம்னான், டீச்சர். அதுவரைக்கும் அம்மா அம்மான்னுதான் கூப்பிட்டான்."

திங்கட்கிழமை தாள் வரவில்லை. போனும் வரவில்லை. ஐந்து நாளாக வரவில்லை. எமிமாள் மத்தியானம் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள். ஒருநாள் பாதியில் எழுந்துவிட்டாள்.

"அவன் என்கிட்டப் பேசினதெல்லாம் பொய்யா?"

ரஹ்மத் நிஷா கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினாள். பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"தெரியாதும்மா. நானும் ஒன்பது வருஷம் அந்த வேலைதான் பாத்தேன். ஒரு நாளைக்கு அறுபது பேர்கிட்ட, சாப்பிட்டீங்களான்னு கேட்டிருக்கேன். எப்படிக் கேக்கணும்னு அச்சடிச்சுத் தாள் குடுப்பாங்க."

"எல்லாமே தாளைப் பாத்துக் கேட்டதுதானா?"

"இல்ல. சில பேர்கிட்ட நெசமாவே கேட்டேன். ஆனா எது தாளு, எது நெசம்னு ஒரு கட்டத்துல எனக்கே தெரியாம போச்சு. அதுக்குப் பிறகுதான் வேலையை விட்டேன். அதோட போன்ல பேசுறதே பிடிக்காம போச்சு. அதான் வகுப்புல யாருக்கும் நான் நம்பர் குடுக்கலை."

கீழே தையல் மிஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

எமிமாள் வந்து எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எங்க லேபுல," என்றாள், "ஊசியைப் பாத்ததும் சில பேருக்குக் கை நடுங்கும். நான் பேச்சுக் குடுப்பேன். எந்த ஊரு, பிள்ளைங்க என்ன படிக்கிறாங்கன்னு கேப்பேன். அவங்க சந்தோசமாச் சொல்லிக்கிட்டு இருக்கும்போது ஊசி உள்ள போயிரும்."

சொல்லிவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தாள்.

"நானும் நெசமாத்தான் கேட்டேன், டீச்சர். ஆனா ஊசியும் போகத்தான் செஞ்சுது."

ரஹ்மத் நிஷா தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவளிடம் கொடுத்தாள். எமிமாள் குடித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளைகிட்டயும் கேட்டீங்களா?"

"கேட்டேன். அது ஏன்னுகூடக் கேக்கலை. ஒரு தாளு, ஒரு கையெழுத்து. பங்கையெல்லாம் வேற இடத்துல உங்க பேர்ல இருக்கிற கணக்குக்கு மாத்திட்டு மூடிக்கிடலாம், அதுக்கு நாங்க காசு வாங்குறதில்லைன்னுச்சு. வெப்சைட்ல எந்தப் பக்கத்துல போட்டிருக்குன்னும் சொல்லிச்சு. போய்ப் பாத்தேன். சொன்ன இடத்துல அப்படியேதான் இருந்துச்சு. வேற ஏதாவது கேக்கணுமான்னுச்சு. வச்சிட்டுது."

"பிறகு?"

எமிமாள் கைப்பையைத் திறந்தாள். போனை எடுத்தாள். ஒரு செயலியைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். திரையில் அவள் பெயர் இருந்தது. கீழே, நாமினி என்ற கட்டத்தில், மகளின் பெயர் இருந்தது.

"புதன்கிழமை நானே திறந்தேன். யாரும் கூட இல்ல. போட்டோ எடுக்கச் சொல்லிச்சு, கண்ணை மூடி மூடி நாலு தடவை கெட்டுப்போச்சு. எங்க வீட்டுக்காரங்க பங்கெல்லாம் இதுக்கு வர இன்னும் கொஞ்ச நாளு ஆகுமாம். தாளெல்லாம் அனுப்பிட்டேன்."

"பாஸ்வேர்ட்?"

"யாருக்கும் தெரியாது. கொழுந்தன் கேட்டாங்க, சொல்லலை. நீங்க கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்க."

எமிமாள் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனாலும் ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது. ரஹ்மத் நிஷா காத்திருந்தாள்.

"எல்லாம் சரிதான், டீச்சர். அது நல்ல கம்பெனிதான். ஆனா அந்தப் பிள்ளை, அத்தனை தடவை பேசியும், எனக்குன்னு ஒரு நல்ல வார்த்தை பேசலை."

ரஹ்மத் நிஷா கையை நீட்டினாள்.

எமிமாள் போனைக் கொடுத்தாள். அவள் அதில் ஒரு நம்பரைப் பதிந்து திருப்பிக் கொடுத்தாள்.

"அதுக்கு இதுல கூப்பிடுங்கம்மா."

எமிமாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம்பரைப் பார்த்தாள்.

"இது எந்தக் கம்பெனி?"

"எங்க வீடு."