நீட்டிய கை

"எனக்குப் பேச வரலை, சாமியம்மா" என்றார் டாக்டர் மாசிலாமணி, அந்த மூதாட்டியின் வீட்டு வாசலில் உட்கார்ந்தபடி.

லூர்து சிஸ்டருக்கு மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இரங்கல் கூட்டம். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருபத்தைந்து வருஷம் டாக்டரின் வலப்பக்கம் நின்றவர்.

"என்னைத்தான் முதல்ல பேசச் சொல்றாங்க. சிஸ்டரோட மக வர்றா."

"பேசுங்களேன்."

"கடமை, கனிவுன்னு எழுதிப் பார்த்தேன். யார் செத்தாலும் பொருந்தும். கிழிச்சுப் போட்டுட்டேன்."

"ஞாபகத்துல இருக்கிறதைச் சொல்லுங்க."

"அதுதானே இல்லை! அவங்க ஊர் தெரியாது. என்ன பிடிக்கும்னு தெரியாது. முகமே பாதிதான் தெரியும், எப்பவும் மாஸ்க். அந்தப் பொண்ணு முன்னாடி நின்னு என்ன சொல்வேன்? நானெல்லாம் ஒரு மனுஷனா?"

சாமியம்மா எழுந்து, வெறுங்காலோடு வேலிப் பக்கம் நடந்தார்.

நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"செருப்புப் போட்டா என்ன?"

"டாக்டர் வந்திருக்கிறப்போ செருப்பு எதுக்கு?"

படியில் உட்கார்ந்து காலை நீட்டினார். தலைப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் குனிந்தார். குதிகாலில் கருவேல முள், உள்ளே ஒடிந்திருந்தது. இடது கை விரல்களால் தோலை இழுத்துப் பிடித்தார். முள்ளின் முனை தெரிந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமல் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது.

கை அப்படியே நின்றது.

வேலியில் ஓர் ஓணான் ஏறி இறங்கியது.

கை இன்னும் அப்படியே நின்றது.

"என்ன வேணும், டாக்டரே?"

"ஊக்கு."

"வாயைத் திறந்து கேட்டாத்தானே தெரியும்?"

"அங்கே, தியேட்டர்ல, கேட்க மாட்டேன்." டாக்டரின் குரல் இறங்கியது. "கேட்டதே இல்லை. கையை நீட்டுவேன். இருக்கும்."

"எது வேணுமோ அதுவா?"

"எது வேணும்னு எனக்குத் தோணுறதுக்குள்ளே."

கையை மடக்கப் பார்த்தார். அது மடங்கவில்லை.

"முள் வலிக்குது" என்றார் சாமியம்மா. "சீக்கிரம் எடுங்க. நாளைக்குப் பேசணும்ல?"

டாக்டர் முள்ளைப் பார்க்கவில்லை. முதல் தடவையாகத் தன் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.