ஈ மைனருக்கு ஒரு துக்கம் வேண்டும்

"டீச்சர், எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அதான் கஷ்டமே."

சொன்னவர் வியாசர்பாடியில் இனிப்புக் கடை வைத்திருக்கும் ஆசீர்வாதம். கேட்டவள் அவருக்கு கிடார் கற்றுக்கொடுக்கும் பிலோமினா. டீச்சரைவிட மாணவருக்குத்தான் வயதும் அதிகம், தொப்பையும் அதிகம்.

சர்ச்சில், இறந்தவர்களை நினைக்கிற கல்லறைத் திருநாள் பூசையில் அவர் தனியாக கிடார் வாசிக்க வேண்டும். ஈ மைனர் ஸ்கேலில் ஒரு மெல்லிய மெட்டு. அழுகைக்கென்றே கடவுள் படைத்த ஸ்கேல் அது என்று பாடகர் குழுவில் எல்லோரும் சத்தியம் செய்வார்கள். இத்தனை வருஷம் கூட்டத்தோடு கூட்டமாகத் தட்டிக்கொண்டிருந்த மனுஷனுக்கு இதுதான் முதல் வாய்ப்பு. "உருக்கம் வரலேன்னா வேற ஆளைப் போட்டுடுவோம்" என்று குழுத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"வாசிங்கண்ணா."

வாசித்தார். ஒரு சுரம் பிசகவில்லை. ஆனால் முகம் மட்டும் ஜாங்கிரி எடுத்துக்கொடுக்கிற முகம்.

மறுபடியும் கண்ணை இறுக மூடி, உதட்டைக் கடித்து, பெருமூச்சு விட்டு வாசித்தார்.

"வயிறு வலிக்குதாண்ணா?"

"துக்கம் டீச்சர்!"

"ஓ."

பாவம், அவர்தான் என்ன செய்வார்? பெண்டாட்டி தங்கம். பிள்ளைகள் சொன்ன பேச்சு கேட்கிறார்கள். இனிப்புக் கடைக்காரருக்குச் சர்க்கரை வியாதிகூட இல்லை!

"துக்கத்துக்கு நான் எங்கே போவேன்?"

"இருக்கிற இடத்துக்குப் போங்க" என்றாள் பிலோமினா.

அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மறுநாளே அவர் தெருவில் பூக்காரக் குப்பம்மா தவறிப்போனாள். ஆசீர்வாதம் கடையை மூடினார். இரண்டு கைக்குட்டையோடு போய் சாவு வீட்டு ஷாமியானாவில் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அதன் மேலெல்லாம் சாமந்தி இதழ்.

"அழுதீங்களா?"

"அழுதேன் டீச்சர். கானா பாடுற பசங்க வந்தாங்க. கிழவியோட கதையையே பாட்டாக் கட்டிப் பாடினாங்க. தேம்பித் தேம்பி அழுதேன்."

"நல்லது."

"அடுத்த பாட்டுக்கு..." தலையைத் தொங்கப் போட்டார். "ஆடிட்டேன். தொண்ணூறு தாண்டின கிழவி, கல்யாணச் சாவு. மகன், பேரன், எல்லாரும் ஆடறாங்க. எனக்குக் கால் நிக்கல. அழப் போன இடத்துல ஆடிட்டு வந்திருக்கேன். எனக்கெல்லாம் எங்கேருந்து மைனர் வரும்? வேற ஆளையே போடச் சொல்லிடறேன்."

பிலோமினா கிடாரை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"அழுத பாட்டை வாசிங்க."

தேடிப் பிடித்தார். விரல் ஈ மைனரில் போய் உட்கார்ந்தது.

"ஆடின பாட்டு?"

விரலை எடுத்தார். கம்பிகளில் மேலும் கீழும் தடவித் தேடினார். திரும்ப அதே இடத்தில்தான் வைக்க வேண்டியிருந்தது. அடக் கடவுளே, அதே ஈ மைனர்!

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தாள்.

"குப்பம்மா உங்களுக்கு யாருண்ணா?"

"யாரும் இல்ல. தினம் நான் கடை திறக்கும்போது வந்து, இயேசு படத்துக்கு ஒரு முழம் பூ வெச்சிட்டுப் போகும். நான் வேணாம்னா, 'ஏன், உங்க சாமிக்குப் பூ புடிக்காதா?'ன்னு கேக்கும். பதிலுக்கு ஒரு லட்டை உரிமையா எடுத்துக்கும். பல்லே கிடையாது, அதுக்கு லட்டு!"

சொல்லும்போதே சிரித்துவிட்டார்.

"அந்தம்மாவுக்கு வாசிங்க. அழ வேணாம்."

பூசைக்கான மெட்டை வாசித்தார். அதே சுரங்கள்தான். இந்தத் தடவை கண் திறந்தே இருந்தது. முடித்துவிட்டுக் கவலையோடு நிமிர்ந்தார்.

"இன்னும் சிரிப்பு போகலியே டீச்சர். என்ன பண்ணட்டும்?"

பிலோமினா துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"போக விட்டுடாதீங்கண்ணா."