ஏழாம் பாடத்தில் ஒரு பொத்தான்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால். பாளையங்கோட்டையில் ஜெபக்கனியின் வீட்டுப் படியை ஒன்பதாவது முறையாக ஏறினார் நல்லபெருமாள்.

மருந்துக் கடை வேலைக்குப் போகிறவர்களுக்காக அவர் செய்த இணையப் பாடம் அது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். உடல் ஊனமுற்றவர்களும் படிக்க முடிகிறதா என்று ஜெபக்கனி பார்த்து, ‘சரி’ என்று எழுதித் தராமல் பாடம் வெளியே போகாது.

ஜெபக்கனிக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. பல்லில் கடித்த குச்சியால் விசைகளைத் தட்டுவாள். அவரைவிட இருபத்து மூன்று வயது இளையவள். இரண்டாம் முறை வந்தபோதே அவர் அவளை டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

எட்டு முறையும் ஏழாம் பாடத்தில்தான் வண்டி நின்றது. மருந்துப் புட்டிகளை மவுஸால் இழுத்து, அறுபது நொடிக்குள் உரிய தட்டில் வைக்க வேண்டும்.

“பொத்தானையெல்லாம் பெருசாக்கியாச்சு. மத்த பாடமெல்லாம் விசையிலேயே ஓடுது. இந்த ஒண்ணுக்காக எட்டு வாரமா அலைய விடுதீங்களே டீச்சர். முட்டி தேஞ்சு போச்சு.”

“மூணு படிதான சார்.”

“ஒன்பது தடவைக்கு இருபத்தேழு.”

ஜெபக்கனியின் மதினி ரூபி அடுக்களையில் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“இன்னைக்கு முடிச்சிட்டேன். பாருங்க.”

திரையில் புதிதாக ஒரு பொத்தான். ‘கை இயலாதவர்கள் இங்கே அழுத்தவும்.’

குச்சியால் ஒரு தட்டு. புட்டிகள் மறைந்தன. திரையெங்கும் பூ கொட்டியது. பத்துக்குப் பத்து.

ஜெபக்கனி குச்சியை வாயிலிருந்து நழுவவிட்டாள்.

“நான் ஒரு புட்டியையும் தொடலையே சார்.”

“தொடவே வேண்டாம். உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்?”

அவள் அடுக்களைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“மதினி, சாருக்கு ஒரு டீ.”

வெயிலில் பஸ் மாறி வந்தவர். இஞ்சி தட்டும் சத்தத்துக்கே அவருக்கு நாக்கு ஊறியது. ரூபி டம்ளரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அவர் கை நீட்டினார்.

“சார் குடிச்சாச்சு. எடுத்துட்டுப் போங்க மதினி.”

ரூபி ஒரு கணம் நின்றாள். பிறகு எடுத்துக்கொண்டு போனாள். டம்ளரில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

நீட்டிய கை மேசைமேல் அப்படியே கிடந்தது.

“டீச்சர், நான் இன்னும்...”

“உங்களுக்கு எதுக்கு சார் அந்தச் சிரமம்?”

நல்லபெருமாள் மடிக்கணினியை மூடினார். மூன்று படி இறங்கினார்.

ஜூன் 19ஆம் தேதி, நல்லபெருமாள் அறுபது நொடிக் கெடுவை எடுத்துவிட்ட ஏழாம் பாடத்தில், அம்புக்குறி விசைகளால் புட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, நாற்பத்தொரு நிமிடத்தில் ஜெபக்கனி முடித்தாள். பத்துக்கு நாலு. தோல்வி. அன்று மாலையே ‘சரி’ என்று எழுதி அனுப்பினாள்.