பல்லி சொன்ன கொக்கி

அம்பத்தூரில் கொக்கி செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. அதன் மேனேஜர் வைத்தீஸ்வரனுக்கு வாய் நீளம்.

"வாடகை வீட்டுல ஆணியடிச்சா ஹவுஸ் ஓனர் விரட்டுறார். ஆணி இல்லாம, பசை இல்லாம, சுவத்துல கறை படாம ஒட்டுற கொக்கி வேணும். மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா உங்க செக்‌ஷனுக்கே பூட்டு!" என்றார்.

மெஷின் ஓட்டும் பூரணி, அச்சில் விரிசல் பார்க்கும் பூதக்கண்ணாடியோடு ஜன்னலுக்குப் போனாள். ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் பாதமெல்லாம் வரிவரியாய் மடிப்பு. அதையே ரப்பரில் திரும்பத் திரும்ப வார்த்துப் பார்த்தாள்.

மாசக் கடைசியில் முதலாளி வந்தார். கொக்கி ஒரு குடத்தையே தாங்கியது. உரித்தால் சுவரில் தடமே இல்லை.

"யாரோட யோசனை?"

"முழுக்க என்னோடது சார்!" என்று முந்திக்கொண்டார் வைத்தீஸ்வரன்.

"நிஜமா இருந்தா இந்நேரம் பல்லி சொல்லியிருக்குமே சார்," என்றாள் பூரணி.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். டியூப்லைட் பக்கத்தில் பல்லி கம்மென்று இருந்தது.

"அது காலைப் பார்த்து வார்த்தது நான்."

"ச்சு, ச்சு, ச்சு!"

முதலாளி மேசையில் மூன்று தட்டு தட்டினார். "சொல்லிடுச்சு," என்றார்.