வராதவர்களின் கால்கள்

விபத்தில் நொறுங்கிய காலோடு யார் வந்தாலும் அந்த அரசு மருத்துவமனையில் டாக்டர் அருமைநாயகத்தைத்தான் கைகாட்டுவார்கள். எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சையிலேயே தலை நரைத்தவர். லாரி ஏறிய கால்களையும் பைக்கில் விழுந்த கால்களையும் ஒட்டவைத்து ஒட்டவைத்து, முழங்காலுக்குக் கீழே பொருத்த மெல்லிய தகடு ஒன்றைத் தாமே வடிவமைத்திருந்தார். பெரிய கீறல் வேண்டாம், சீக்கிரம் நடக்கலாம் என்பது அவர் கட்சி. மதுரை மாநாட்டில் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்துவிட்டால் மற்ற ஊர்களிலும் அந்தத் தகடு போய்விடும். மனிதருக்கு அந்த ஆசையில் சோறு இறங்கவில்லை.

ஆய்வுக்காக, தகடு வைத்துக்கொண்ட எல்லோரையும் ஒரு வியாழக்கிழமை வரச் சொன்னார். கீழ்த்தளத்தைக் காய்ச்சல் வார்டு பிடித்துக்கொண்டதால் பரிசோதனை மாடியில் நடந்தது. லிஃப்ட் வாசலில் உடைந்த கட்டில்களை அடுக்கி வெகுநாள் ஆயிற்று. அருமைநாயகம் படிக்கட்டின் உச்சியில் நின்று, வருகிறவர்கள் கைப்பிடியைத் தொடாமல் ஏறுவதைப் பார்த்துப் பூரித்துப்போனார். எக்ஸ்ரேயிலும் எலும்புகள் ஒழுங்காகக் கூடியிருந்தன. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. ஆனால் அழைத்தவர்களில் பாதிப்பேர் வரவேயில்லை.

அன்று எலும்பு முறிவு வார்டில் பஸ் கண்டக்டர் சுடலைமுத்து காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தார். மறுநாள் அறுவைச் சிகிச்சை. பழைய முறைப்படி எலும்புக்குள் கம்பி செலுத்துவதா, புதுத் தகடா என்று முடிவாகவில்லை.

"ஓடுத பஸ்ல நாள் பூரா நிக்கணும் சார். எது தாங்குமோ அத வைங்க," என்றார் அவர்.

வராதவர்களைப் பற்றி மாலையில் மருத்துவர்களுக்குள் பேச்சு எழுந்தது. குணமானவன் ஆஸ்பத்திரிப் பக்கம் எதற்கு எட்டிப் பார்க்கிறான், பிழைப்பைப் பார்க்கப் போயிருப்பான் என்றார் அருமைநாயகம். அதை அவர் மனதார நம்பினார். உதவி மருத்துவர் கோதண்டம், நம் ஜனங்களுக்குப் பொறுப்பு கிடையாது, வந்தவர்களை வைத்தே எழுதிவிடலாம் என்றார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஷமீமா மட்டும் முகம் வாடியிருந்தார்.

"வந்தவங்க அத்தனை பேரும் நல்லா நடக்குறாங்க. அதான் சார் எனக்குப் பயமா இருக்கு. கண்டக்டருக்குக் கம்பியே வைங்க. கட்டுரையும் இப்போ வேண்டாம்."

அருமைநாயகத்துக்குச் சுருக்கென்றது. இத்தனை வருட உழைப்பு!

நன்றாக நடக்கிறவர்களைப் பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது? வராதவர்கள் ஏன் வரவில்லை? மூவரில் யார் நினைத்தது சரி?

விடை: ஷமீமா நினைத்ததுதான் சரி. அந்த அறைக்குப் படியேறாமல் போக முடியாது. படியேற முடிந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு, தகடு வைத்த கால்களெல்லாம் படியேறும் என்று எழுதினால் எப்படி? இரவெல்லாம் புரண்ட அருமைநாயகம், காலையில் கண்டக்டருக்குக் கம்பியையே வைத்தார். அடுத்த வியாழக்கிழமை மேசையைக் கீழே, சீட்டு கொடுக்கும் இடத்தருகே போடச் சொன்னார். முதலில் வந்தவள் ஊன்றுகோலோடு வந்த ஒரு பெண். போன வாரம் ஏனம்மா வரவில்லை என்று கேட்டார்.

"வந்தேனே சார்," என்றாள் அவள். "சாயங்காலம் வரைக்கும் கீழயே உக்காந்திருந்துட்டுப் போயிட்டேன்."