மேகத்துக்குப் போன கூழ்வடகம்

பாளையங்கோட்டையில் ஆவுடையப்பன் என்று ஒருத்தர். அவர் வாயைத் திறந்தால் உண்மை பின்வாசல் வழியாக ஓடிவிடும். அன்றைக்கு அவர் வாயைத் திறந்தே ஆகவேண்டிய நெருக்கடி.

மசக்கையில் இருக்கிற மகள் ஆசைப்பட்டாளே என்று மனைவி கோமு மொட்டை மாடியில் வேட்டி விரித்துக் கூழ்வடகம் காயவைத்திருந்தாள். சாயங்கால ரயிலில் கொடுத்துவிட வேண்டும். காக்காய் அண்டாமலிருக்க ஒரு கறுப்புக் குடையையும் பக்கத்தில் விரித்து, புருஷனைக் காவலுக்கு வைத்தாள். அவரோ குடையைத் தன் தலைமாட்டுக்கு இழுத்துக்கொண்டு சுகமாகக் குறட்டை விட்டார். விழித்தபோது வேட்டி காலி. மகள் முகம் நினைவுக்கு வந்து மனசு நிஜமாகவே சங்கடப்பட்டது. அதற்குள் கோமு படியேறி வந்துவிட்டாள்.

“எங்க வடகம்?”

“மேல போயிட்டு,” என்றார். “தரை கொதிச்சுதா, அதை ஒட்டுன காத்தும் கொதிச்சுட்டு. சூடான காத்து லேசுல்லா, கீழ நிக்காது. ஜிவ்வுனு கிளம்புச்சு. வடகமும் கூடவே கிளம்பிட்டு!”

பக்கத்து மாடியில் துணி உலர்த்திய வேலாயுதம் எட்டிப் பார்த்தார். “வேட்டி மட்டும் போகலியோ?”

“நாலு மூலையிலயும் இவ கல்லு வச்சிருக்காள்லா!”

சமாளித்துவிட்டதில் இவருக்குத் தெம்பு வந்துவிட்டது. “சும்மா விடுவனா? குடையைப் பிடிச்சேன். காத்து என்னையும் தூக்கிட்டு. பருந்து ஒண்ணு சிறகடிக்காம அதே காத்துல வட்டம் போட்டுட்டு இருந்துது. தள்ளிக்கோடேன்னேன், தள்ளிக்கிட்டு.”

“நெல்லையப்பர் கோபுரம் தெரிஞ்சுதா அண்ணாச்சி?”

“கோபுரமா? கொழும்பே தெரிஞ்சுது! மேல போகப் போகக் குளிரு, பல்லு தந்தியடிக்கி. காத்துல இருந்த ஈரமெல்லாம் மேகமாத் திரண்டுட்டு. வடகம் அதுல ஊறி மறுபடியும் கூழாயிட்டு. மேகத்தைப் பிடிச்சு ஒரு உலுக்கு உலுக்குனேன். இப்பம் பாவூர்சத்திரத்துல ஜனம் குண்டானை ஏந்திட்டு நிக்கி. பெறவு காத்து குளுந்து கனத்துப் போய் இறங்குச்சா, நானும் அதுலயே வந்துட்டேன்.”

கோமு மெல்லத் தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்றே அவர் நினைத்தார். அவள் குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

“மேல போன காத்து குளுந்தா கீழ வந்துரும், அப்படித்தான?”

“பின்னே!”

“அப்பம் வடகமும் வரும். நின்னு பிடிச்சு வைங்க. பிடிச்சப்புறம் சோறு போடுதேன்.”

மாடிக் கதவு தாழ் விழுந்தது. செருப்பு படிக்குக் கீழே கிடந்தது. ஆவுடையப்பன் சுடுதரையில் கால் மாற்றி மாற்றிக் குதித்தார்.

வேலாயுதம் ஈரத்துண்டை உதறிக் கொடியில் போட்டார். “பொறுங்க அண்ணாச்சி, இப்பம் தூக்கிரும்.”